முப்பத்தோரு டிகிரி

பூங்குழலிக்குப் பதின்மூன்று வயது. அவள் சமூக ஊடகத்துக்குத் தயாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு குழு அமைக்கப்பட்டது.

குழுவின் பெயர் சிறார் சமூக ஊடகப் பக்குவ நிர்ணயக் குழு, மரக்காணம் வட்டாரம். பெயர் பலகையில் அடங்கவில்லை. கடைசி இரண்டு சொற்களைச் சுவரில் எழுதியிருந்தார்கள்.

அப்படி ஒரு குழு இருப்பது அவள் அப்பா சடையப்பனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை தெரிந்தது. அவர் உப்பளத்தில் கூலி. அவர் மனைவி சுலோசனா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. போய் இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை நம் ஊர் நேரத்துக்கு இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அவளுக்கு ஓய்வு. அந்த வீட்டு வைஃபையில் வீடியோ காலில் வருவாள். சாதாரண அழைப்புக்கு அவள் போனில் காசு போடுவதில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பூங்குழலி வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் வயிற்று வலி சொல்லுவாள். டீச்சருக்கும் தெரியும்.

அன்று இரண்டு மணிக்குப் போன் அடிக்கவில்லை. திரையில் எழுத்து வந்தது.

'இந்தக் குடும்ப அட்டையில் பதினாறு வயது நிரம்பாத நபர் உள்ளார். பக்குவச் சான்று பெறும் வரை இவ்வீட்டின் செயலிகள் ஓய்வில் இருக்கும்.'

பூங்குழலி இரண்டு முறை படித்தாள்.

"அந்த நபர் நான்தான்ப்பா" என்றாள்.

சடையப்பன் போனை எடுத்துக்கொண்டு கூனிமேட்டுக்குப் போனார். ஜும்மா தொழுகை முடிந்து ஷஃபி அப்போதுதான் செல்போன் கடையைத் திறந்திருந்தார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா சடையப்பா, போன்ல ஒரு கோளாறும் இல்ல. உன் வீட்டுலதான் கோளாறு. புள்ள பெத்து வச்சிருக்க."

"என்ன பண்றது பாய்?"

"சான்று வாங்கணும். ஆன்லைன்ல அப்ளை பண்ணணும். அதுக்குப் புள்ள பேர்ல ஒரு அக்கவுண்ட் வேணும்."

"அக்கவுண்ட் ஆரம்பிக்கத்தான சான்று?"

"ஆமா."

"சான்று வாங்க அக்கவுண்ட்டா?"

"ஆமா. சட்டுனு புடிச்சிட்டியே. குழு ஆபீசுக்கு நேர்ல போ."

திங்கட்கிழமை நேரில் போனார். குழுவுக்கு ஒரு பழைய உப்புப் பரிசோதனைக் கூடத்தை ஒதுக்கியிருந்தார்கள். மேசை புதிது. அலமாரி பழையது. அதற்குள் கண்ணாடிக் குழாய்கள் அப்படியே கிடந்தன. குழுத் தலைவர் வைஜெயந்தி மேசைக்குப் பின்னால் கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, ஒரு குழந்தை கையில செல்லு இருந்தா அது நிமிர்ந்து பாக்காது" என்றார் வைஜெயந்தி. அவர் நிமிரவில்லை. "எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னு தெரியாது. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்லும். ஒரு தலைமுறையே இப்படிப் போவுது. அதைத் தடுக்கத்தான் நாங்க ராப்பகலா உழைக்கிறோம். பேரு என்ன சொன்னீங்க?"

"சடையப்பன்ங்க. மூணு தடவை சொன்னேங்க."

"குழந்தைக்கு ஏன் இந்தப் பேரு?"

கணினியில் உட்கார்ந்திருந்த அந்தோணிராஜ் பெயரைச் சரியாக அடித்துக்கொண்டார். பெற்றோர் சம்மதத்துக்குக் கைரேகை வேண்டும் என்றார். சடையப்பன் கட்டைவிரலை வைத்தார். கருவி சிவப்பாக எரிந்தது. துடைத்து வைத்தார். சிவப்பு. இடது கை. சிவப்பு.

"அண்ணே, உங்களுக்கு ரேகையே இல்லியே."

"உப்புத் தண்ணி அரிச்சிட்டுதுங்க. இருபது வருசமா அளம்."

"ரேகை இல்லன்னா பெற்றோர் இல்லன்னு காட்டுது. பதினஞ்சு நாள் அளத்துக்குப் போவாதீங்க. வளந்துடும்."

பதினைந்து நாள் போகாமலிருக்க முடியாது. சடையப்பன் வலது கையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு உப்பு வாரினார். மேஸ்திரி வரப்பில் நின்று சிரித்தார்.

"டேய், கைய பார்சல் கட்டிட்டியா? எந்த ஊருக்குடா அனுப்புற?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஷஃபி தன் போனைக் கொடுத்தார். சடையப்பனும் பூங்குழலியும் கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். சுலோசனா திரையில் வந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"எங்க அவ? குழலி எங்க?"

பூங்குழலி அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். திரை கறுப்பானது. 'சிறார் முகம் கண்டறியப்பட்டது' என்று வந்தது. அதோடு ஷஃபியின் போனும் தொண்ணூறு நாளுக்கு ஓய்வுக்குப் போனது.

ஷஃபி போனை வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார் பிறகு. "ஆனா பாப்பா, இனிமே கடைப் பக்கம் வந்தா மொகத்த மூடிக்கினு வா."

பதினாறாம் நாள் சடையப்பனின் கட்டைவிரல் பதினோராவது முயற்சியில் பச்சையாக எரிந்தது. பெற்றோர் உறுதி செய்யப்பட்டார். அந்தோணிராஜ் கை குலுக்கினார். குலுக்கிய பிறகு, "ரேகை போயிடப் போவுதுண்ணே, ஜாக்கிரதை" என்றார்.

வைஜெயந்தி அன்று ஒரு சிக்கலில் இருந்தார். பக்குவத்தை எப்படி அளப்பது என்று மேலிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு வட்டாரமும் உள்ளூர் மரபை ஒட்டி ஓர் அளவுகோலைக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் சுற்றறிக்கை வந்திருந்தது. அவர் அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார்.

"இது என்ன சார்? தெர்மாமீட்டரா?"

"டிகிரி பாக்குறதுங்க மேடம்" என்றார் சடையப்பன். " பாத்தித் தண்ணியில மெதக்க விட்டா எவ்ளோ உப்பு இருக்குதுன்னு காட்டும். கடல் தண்ணி மூணு டிகிரி. காய்ச்சிக் காய்ச்சி இருபத்தஞ்சுக்கு வந்தா உப்பு பூக்கும்."

"அதுக்கு மேல போனா?"

"முப்பதத் தாண்ட விடக் கூடாதுங்க. கசந்துடும். அந்தத் தண்ணிய வெளிய கொட்டிடணும்."

அந்த அறையில் அவருக்குத் தெரிந்ததை ஒருவர் கேட்டது அதுதான் முதல் முறை. சடையப்பனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கசந்த தண்ணீர் எப்படி வழுவழுவென்று இருக்கும், விரலில் தொட்டே எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் கேட்காமலே சொன்னார். வைஜெயந்தி கைபேசியை வைத்துவிட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மரக்காணம் பக்குவ அளவுகோல். இருபத்தைந்து டிகிரிக்குக் கீழ்: பக்குவமின்மை. இருபத்தைந்து முதல் முப்பது: பக்குவம். முப்பதுக்கு மேல்: கசப்பு நிலை, விண்ணப்பம் அகற்றப்படும். சடையப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார். எங்கோ கேட்டது போல இருந்தது.

பூங்குழலியின் தேர்வு அதே வாரம் நடந்தது. சடையப்பன் வாசலருகே நின்றார்.

"முன்பின் தெரியாதவங்க மெசேஜ் அனுப்பினா என்ன பண்ணுவ?" என்று வைஜெயந்தி கேட்டார்.

"பதில் சொல்ல மாட்டேன் மிஸ்."

"போட்டோ கேட்டா?"

"அப்பாகிட்ட சொல்லுவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பாப்ப?"

"வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம்."

"மத்த நாளு?"

"மத்த நாளு அம்மாவுக்கு வேலை."

"நீ போட்ட போட்டோவுக்கு லைக்கு வரலன்னா வருத்தப்படுவியா?"

பூங்குழலி யோசித்தாள்.

"யாரு பாக்கணும் மிஸ்? அம்மா பாத்தா போதும்."

அந்தோணிராஜ் கூட்டிப் பார்த்தார். இருபத்தாறு. சடையப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அப்போது வைஜெயந்திக்குத் தேர்வுப் படத்தைக் குழுவின் சமூக ஊடகப் பக்கத்தில் போட வேண்டியிருந்தது. பக்கம் திறக்கவில்லை. கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்திருந்தார். அந்தோணிராஜ் முயன்றார். அவராலும் முடியவில்லை.

"மிஸ், மறந்துட்டேன்னு கீழ சின்னதா இருக்கும். அத அழுத்துங்க" என்றாள் பூங்குழலி. "நம்பர் வரும். அத அடிங்க. புதுசா வைக்கிறப்ப உங்க பையன் பேரு வைக்காதீங்க. எல்லாரும் கண்டுபுடிச்சிடுவாங்க."

பக்கம் திறந்தது. வைஜெயந்தி மகிழ்ந்து போனார்.

"செயல்திறனுக்கு அஞ்சு போடுங்க அந்தோணிராஜ்."

அந்தோணிராஜ் ஐந்து போட்டார். பிறகு கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்தார்.

"மேடம். முப்பத்தொண்ணு காட்டுது."

சடையப்பன் வாசலிலிருந்து மேசைக்கு வந்தார்.

"அப்ப அந்த அஞ்ச எடுத்துடுங்க" என்றார் சடையப்பன்.

"போட்ட மதிப்பெண்ண எப்படி சார் எடுக்கிறது? அது முறைகேடு" என்றார் வைஜெயந்தி. அவர் குரல் மாறியிருந்தது. "பதிமூணு வயசுல முப்பத்தொண்ணு எப்படி வரும்? யாரோ பழக்கியிருக்காங்க. குழந்தைன்னா கொஞ்சம் அறியாம இருக்கணும். என் பையனுக்கு ஒம்போது வயசு. சேனல்ல எண்பதாயிரம் பேரு ஃபாலோ பண்றாங்க. ஒண்ணுமே தெரியாது. அப்படி ஒரு வெகுளி."

"முப்பதுன்னு நான் சொன்னது தண்ணிக்குங்க மேடம்."

"அறிவியல் எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார். நீங்கதான கொட்டிடணும்னு சொன்னீங்க?"

சடையப்பனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. சுவரைப் பார்த்தார். அது அவர் பேச்சுதான்.

"நான் கொட்டச் சொல்லல" என்றார் வைஜெயந்தி, கனிவாக. "நாங்க மனுஷங்க. அளத்துல டிகிரி ஏறிட்டா எறக்க வழி இருக்கா?"

சடையப்பன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தோணிராஜும் அந்த ஊர்தான்.

"கடல் தண்ணிய கலப்பாங்க மேடம்."

அப்படித்தான் பக்குவக் குறைப்பு வகுப்பு தொடங்கியது. எட்டு சனிக்கிழமைகள். வாரத்துக்கு அரை டிகிரி இறங்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வரவழைத்து நடுவில் பூங்குழலியை உட்கார வைத்தார்கள். அவர்கள் கடல் தண்ணீர். அவளும் அவர்களோடு யானைக்கு வண்ணம் அடித்தாள். வகுப்பு முடிவில் கேள்வி கேட்பார்கள். முதல் வாரம் சரியாகப் பதில் சொல்லிவிட்டாள். இறங்கவில்லை. இரண்டாம் வாரம் முழுசாகத் தெரியாது என்றாள். அது பக்குவமின்மை என்று எச்சரித்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து எவ்வளவு தெரியாமல் இருக்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு என்னம்மா கேட்டாங்க?" என்று சடையப்பன் ஒரு நாள் கேட்டார்.

"பாஸ்வேர்டு யார்கிட்ட சொல்லலாம்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பக்கத்துல இருந்த புள்ளகிட்ட சொல்லுவேன்னேன். கை தட்டினாங்க."

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு வயிற்று வலி வருவது நின்றுபோனது. டீச்சர் ஒரு முறை விசாரித்தார்.

ஐந்தாம் சனிக்கிழமை குழுவுக்கு ஒரு ரீல் தேவைப்பட்டது. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். சமூக ஊடகம் இல்லாமல் காத்திருக்கும் ஒரு குழந்தையைச் சமூக ஊடகத்தில் காட்ட வேண்டும். பூங்குழலியைப் பாத்திக்கு நடுவே வரப்பில் நிற்க வைத்தார்கள். உப்புக் குவியல் பின்னால் பளபளத்தது. 'எனக்கு அவசரம் இல்லை' என்று சொல்ல வேண்டும். நான்கு முறை எடுத்தார்கள்.

"சிரிச்சிக்கிட்டே சொல்லு பாப்பா. அழுவுற மாதிரி சொன்னா யாரு பாப்பாங்க?" என்றார் வைஜெயந்தி.

ஐந்தாம் முறை சிரித்தாள். பாட்டு சேர்த்தார்கள். பெயர், வகுப்பு, ஊர் எல்லாம் எழுத்தில் ஓடின. இதற்கு யாரும் பெற்றோர் கைரேகை கேட்கவில்லை.

உப்பளத்தில் மேஸ்திரி தன் போனை நீட்டினார்.

"டேய் சடையப்பா, உன் பொண்ணுடா. நாப்பதாயிரம் பேரு பாத்திருக்கான்."

சடையப்பன் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பூங்குழலி சிரித்தாள். அவசரம் இல்லை என்றாள். மறுபடி சிரித்தாள்.

"குவைத்துல தெரியுமா இது?"

"எங்க வேணா தெரியும். ஏன்?"

"சும்மா கேட்டேன்" என்றார் சடையப்பன். அன்று சாயங்காலம் வரை உப்பு வாருவது அவருக்குச் சிரமமாக இல்லை.

எட்டாம் வாரம் பூங்குழலி இருபத்தெட்டுக்கு வந்தாள். வட்டாரத்தின் முதல் பக்குவச் சான்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள். சடையப்பன் வேட்டி கட்டிக்கொண்டார். ஷஃபி கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். அவர் போனுக்கு இன்னும் ஆறு நாள் பாக்கி. அன்று வெள்ளிக்கிழமை. மணி ஒன்றரை. இரண்டு மணிக்குள் சான்று கைக்கு வந்துவிட்டால் போதும். சடையப்பன் போனைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருந்தார்.

வைஜெயந்தி மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குழந்தையைப் பத்தி ஒரு சம்பவம் சொல்லணும். நாம போட்ட ரீலுக்குக் கீழ ஒரு வெளிநாட்டு நபர் வந்திருக்காங்க. ஒரு தடவை, ரெண்டு தடவை இல்ல. நூத்திப் பதினேழு தடவை. சொந்தப் படம் கூட வைக்கல. ரோஜாப்பூ படம். அந்தோணிராஜ், போடுங்க."

மேடைக்குப் பின்னால் திரையில் ரோஜாப்பூ வந்தது. ஓர் இதழின் ஓரம் கருகியிருக்கும் ரோஜாப்பூ. சடையப்பன் அதை வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு மணிக்குப் பார்த்திருக்கிறார். பூவுக்குப் பக்கத்தில் ஒரே கேள்வி வரிசையாக நின்றது.

'சாப்ட்டியா'

'குழலி சாப்ட்டியா'

'ஏன் எளச்சிட்ட. சாப்ட்டியா'

"இப்படித்தான் ஆரம்பிப்பாங்க" என்றார் வைஜெயந்தி. "சாப்ட்டியாம்பாங்க. பாசமா பேசுவாங்க. குழந்தை நம்பிடும். நம்ம குழு விழிப்பா இருந்துச்சு. ஒரு வரி கூடக் குழந்தை கண்ணுல படாம மறைச்சோம். புகார் அனுப்பினோம். நேத்து அந்த நபரோட எண்ணை இந்தக் குழந்தையோட குடும்ப அட்டையிலேர்ந்து நிரந்தரமா தடை பண்ணியாச்சு. இனி எந்தக் காலத்துலயும் தொடர்பு கொள்ள முடியாது."

மண்டபம் கை தட்டியது. ஷஃபி தட்டவில்லை. அவருக்கும் அந்தப் பூ தெரியும்.

சடையப்பனை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள்.

"அது அவங்க அம்மாங்க" என்றார் அவர்.

வைஜெயந்தி மைக்கைக் கையால் மூடினார்.

"எல்லாரும் அம்மான்னுதான் சார் வருவாங்க. கேமராவப் பாருங்க."

"என் சம்சாரங்க மேடம். சுலோசனா."

"உணர்ச்சிவசப்படாதீங்க. அந்தோணிராஜ், சார கவனிங்க."

அந்தோணிராஜ் அவரை ஓரமாக அழைத்துப் போனார். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, தடைய எடுக்கலாம். விதி இருக்குது. அந்த அம்மா நேர்ல வந்து கைரேகை வச்சா போதும்."

"அவ குவைத்துல இருக்கா. வர இன்னும் மூணு வருசம் ஆவும்."

அந்தோணிராஜ் மனக்கணக்குப் போட்டார். முகம் தெளிந்தது.

"அப்ப பாப்பாவுக்குப் பதினாறு ஆயிடும்ண்ணே. எந்த அனுமதியும் தேவையே இல்ல."

மேடையில் பூங்குழலி சான்றைக் கையில் வைத்திருந்தாள். நன்றி சொல்லச் சொன்னார்கள். மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் படித்தாள். பிறகு காகிதத்தை மடித்தாள். எதிரே விழாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்த கைபேசியை நேராகப் பார்த்தாள்.

"சாப்ட்டேம்மா" என்றாள்.

மணி இரண்டாகியிருந்தது.

"அத எடிட்ல எடுத்துடுங்க" என்றார் வைஜெயந்தி.

காணொளி இப்போதும் குழுவின் பக்கத்தில் இருக்கிறது. பூங்குழலி மைக்கை வாங்குகிறாள். திருப்பிக் கொடுக்கிறாள்.